எவ்வளவு இருந்தால் வேலையை விடலாம்?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கணக்கு. நான்காம் ஆண்டில் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெருக்கலும் வகுத்தலும் போதும், இதைப் போட்டுவிடலாம். ஆயினும், இதைப் போட்டுப் பார்க்காமலேயே பெரிய முடிவை எடுத்துவிடுகிறவர்கள் நம்மிடையே பலர். "இன்னும் எவ்வளவு சேர்ந்தால் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கலாம்?" என்பதுதான் அந்தக் கணக்கு.

ஜொகூர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களை நீங்கள் அறிவீர்கள். சிலர் விடியும் முன்னே எழுந்து பாலம் கடந்து போய், இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். சிலர் அங்கேயே குடியேறி, நிரந்தரவாசிகளாகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியாவுக்குப் போனால், சிராங்கூன் சாலையிலும் தேக்கா நிலையத்தைச் சுற்றிலும் இவர்களைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமான வேலை செய்யும் இளைஞர்களும் அங்கேதான் கூடுகிறார்கள். சாமான் வாங்குவார்கள், ஊருக்குப் பணம் அனுப்புவார்கள், நின்று பேசுவார்கள். அந்தப் பேச்சிலே அடிக்கடி வருவதும் இதே கேள்விதான்.

கேள்வி ஒன்றுதான். ஆனால் கேட்பவர்கள் ஒரே நிலையில் இல்லை. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மத்திய சேமநிதி உண்டு. 55 வயது வரை, சம்பளத்தில் 20 விழுக்காட்டைத் தொழிலாளி போட, முதலாளி 17 விழுக்காடு போடுகிறார். வேலை அனுமதியில் போய்வரும் மலேசியருக்கும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கும் இந்தச் சேமநிதி கிடையாது. அவர்கள் தாமே எடுத்து வைத்தால்தான் உண்டு. ஆகவே, "பக்கத்து வீட்டுக்காரர் 50 வயதில் விட்டுவிட்டார், நானும் விடலாம்" என்று நினைப்பது, பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடப்பதைப் போன்றது.

சிங்கப்பூரின் அனுபவத்தை முதலில் பார்ப்போம். மத்திய சேமநிதி 1955ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்கியது. அப்போது தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு. 55 வயது ஆனதும் மொத்தத் தொகையையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அந்தக் காலத்தில் 55 என்பது முதுமை. அதற்குப் பிறகு நெடுங்காலம் வாழ்வோர் குறைவு. வருடங்கள் போகப் போக, மருத்துவம் வளர்ந்தது. மக்கள் நீண்டகாலம் வாழத் தொடங்கினார்கள். 55இல் வாங்கிய பணம் 75 வரை, 80 வரை நீடிக்க வேண்டியதாயிற்று.

1984இல், சுகாதார அமைச்சராயிருந்த ஹாவ் யூன் சோங் தலைமையிலான குழு, சேமநிதியை எடுக்கும் வயதை 55இலிருந்து 60க்கு உயர்த்தலாம் என்று யோசனை கூறியது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். "எங்கள் பணத்தை எங்களுக்குக் கொடுக்க ஏன் தயக்கம்?" என்று கேட்டார்கள். அந்த யோசனை கைவிடப்பட்டது. ஆனால் பிரச்சினை தீரவில்லை. 1987இல் வேறு வழி கண்டார்கள். 55 வயதில், குறைந்தபட்சத் தொகை என்று 30,000 வெள்ளியை ஒதுக்கிவைத்துவிட்டு, மீதியை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2009இல், உயிரோடு இருக்கும் வரை மாதந்தோறும் பணம் தரும் ஆயுள் திட்டம் வந்தது. இன்று அந்த மாதத் தொகையை 65 வயதிலிருந்து பெறலாம். 2025இல் 55 வயதை எட்டியவர்களுக்கு முழு ஓய்வுத் தொகை 213,000 வெள்ளி. அதை ஒதுக்கி வைத்தவருக்கு, 65 வயதிலிருந்து மாதம் ஏறக்குறைய 1,700 வெள்ளி கிடைக்கும்.

மக்களின் கோபத்திலும் நியாயம் உண்டு. உழைத்தவன் பணம் உழைத்தவனுடையது. ஆயினும் இந்த வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. முதுமைக்கு வேண்டியது மொத்தத் தொகை அன்று, மாதத் தொகை. நாம் அரிசி வாங்குவதும், விளக்குக் கட்டணம் கட்டுவதும், மருந்து வாங்குவதும் மாதா மாதம். ஆகையால் எந்தத் தொகையைக் கேட்டாலும், "இது மாதத்துக்கு எவ்வளவு? எத்தனை மாதத்துக்கு?" என்று இரண்டு கேள்வி கேட்கப் பழக வேண்டும்.

ஒரு லட்சம் வெள்ளி என்றால் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. மாதம் 1,500 வெள்ளி செலவழிக்கும் குடும்பத்துக்கு அது எத்தனை மாதம் வரும்? வகுத்துப் பாருங்கள். 66 மாதம். அதாவது ஐந்தரை ஆண்டு. 50 வயதில் வேலையை விட்டால், 56 முடிவதற்குள் பெட்டி காலி. "குந்தித் தின்றால் குன்றும் கரையும்" என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதைத்தான்.

நம் நாட்டு ஊழியர் சேமநிதி வாரியமும் இப்படித்தான் கணக்கிட்டது. 55 வயதில் ஒருவரிடம் குறைந்தது 240,000 ரிங்கிட் இருக்க வேண்டும் என்று அது பல ஆண்டுகளாகக் கூறிவந்தது. அந்த எண் எப்படி வந்தது? மாதம் 1,000 ரிங்கிட், 20 ஆண்டு, அதாவது 240 மாதம். அவ்வளவுதான். மாதம் ஆயிரம் ரிங்கிட்டில் இன்று குடும்பம் நடத்த முடியுமா என்று தாய்மார்களைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே அந்த அளவும் 2026 முதல் படிப்படியாக 390,000 ரிங்கிட்டை நோக்கி உயர்த்தப்படுகிறது.

இனி, நம் கணக்கைப் போடுவோம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு வயது 50, மனைவிக்கு 46. தோட்டத்திலிருந்து போய்ச் சிங்கப்பூரில் நிரந்தரவாசி ஆனவர்கள். மூவறை வீட்டின் கடன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் வேலைக்குப் போகிறார்கள். மாதச் செலவு 1,800 வெள்ளி. கணவர் இப்போதே வேலையை விட விரும்புகிறார்.

சேமநிதியின் மாதத் தொகை 65இல்தான் தொடங்கும். 50இலிருந்து 65 வரை 15 ஆண்டு, அதாவது 180 மாதம். 180ஐ 1,800ஆல் பெருக்கினால் 324,000 வெள்ளி. இந்தப் பணம் சேமநிதிக்கு வெளியே, கையில் இருக்க வேண்டும். 55 வயதில், ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிய பிறகு சேமநிதியில் மீதி ஏதும் இருந்தால் அதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 50இல் வேலையை விட்டால் சேமநிதிக்குப் போகும் சந்தாவும் அன்றோடு நின்றுவிடும் என்பதை மறக்கக் கூடாது.

அதே மனிதர் 58 வயது வரை வேலை செய்தால் என்ன? 65க்கு இடையே 7 ஆண்டுதான், 84 மாதம். 84ஐ 1,800ஆல் பெருக்கினால் 151,200 வெள்ளி. முன்பு வேண்டியிருந்ததில் பாதிக்கும் குறைவு! ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஓராண்டு கூடுதலாக வேலை செய்தால், அந்த ஆண்டின் சேமிப்பு சேர்கிறது. அந்த ஆண்டின் செலவைச் சேமிப்பிலிருந்து எடுக்கும் தேவையும் இல்லை. ஓராண்டு உழைப்பு இரண்டு பக்கமும் வேலை செய்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. முழு வேலையை விட்டுவிட்டுப் பாதி நாள் வேலை பார்க்கலாம். அல்லது மனைவி பகுதிநேர வேலைக்குப் போகலாம். அதில் மாதம் 700 வெள்ளி வந்தால், சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது 1,100தான். 84 மாதத்துக்கு 92,400 வெள்ளி. முன்கூட்டியே ஓய்வு என்றால் நாற்காலியில் சாய்ந்திருப்பது என்று பொருளில்லை. முதுகை ஒடிக்கும் வேலையிலிருந்து, உடம்பு தாங்கும் வேலைக்கு மாறுவதும் ஓர் ஓய்வே. சிங்கப்பூரிலேயே சட்டப்படியான ஓய்வு வயது 2022இல் 63 ஆயிற்று. 2026 ஜூலை முதல் 64 என்று தீர்மானித்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2013 ஜூலை முதல் அது 60. அந்த வயது வரை, வயதைக் காட்டி முதலாளி நம்மை நிறுத்த முடியாது. நாமாக முன்னே விடுவதானால், கணக்கைப் பார்த்துத்தான் விட வேண்டும்.

மேலே போட்ட கணக்கில், வட்டியும் விலையேற்றமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று வைத்துக்கொண்டோம். பணத்தைத் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தால் அது நடக்காது. விலைவாசி ஆண்டுக்கு 3 விழுக்காடு ஏறினால், இன்று 1,800 வெள்ளியில் நடக்கும் குடும்பத்துக்கு 15 ஆண்டு கழித்து ஏறக்குறைய 2,800 வேண்டும். 24 ஆண்டில் செலவு இரு மடங்காகிவிடும். ஆகவே பணம் சும்மா இருக்கக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் இருந்து வளரவும் வேண்டும். நம் ஊழியர் சேமநிதி வாரியம் 2024ஆம் ஆண்டுக்கு 6.3 விழுக்காடு இலாப ஈவு தந்தது. 55 ஆகிவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விட்டுவைத்தால் 100 வயது வரை அது ஈவு ஈட்டும். சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியரும் தாமாகவே இந்த நிதியில் பணம் போட்டு வரலாம். முதலாளி போடாவிட்டால் என்ன, நமக்கு நாமே முதலாளி ஆவோம்.

"சேமநிதியை நம்பாமல், சொந்தச் சேமிப்பை வைத்தே காலம் முழுதும் வாழ எவ்வளவு வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் இதை ஆராய்ந்தார். அந்நாட்டுப் பங்குகளும் கடன்பத்திரங்களும் பல பத்தாண்டுகளாக ஏறி இறங்கியதைப் பார்த்து, முதல் ஆண்டில் சேமிப்பின் 4 விழுக்காட்டை எடுத்து, பிறகு விலையேற்றத்துக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனால், பணம் 30 ஆண்டு தாங்கும் என்று கண்டார். 4 விழுக்காடு என்றால் ஓராண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேமிப்பு. நாம் சொன்ன குடும்பத்தின் ஆண்டுச் செலவு 21,600 வெள்ளி. அதன் 25 மடங்கு 540,000.

இந்தக் கணக்கை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அது அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்டது. 30 ஆண்டுக்குப் போட்டது. 50 வயதில் வேலையை விடுகிறவருக்கும், அவரைவிட இளைய மனைவிக்கும் 40 ஆண்டுகூட வேண்டியிருக்கலாம். அப்போது 3 விழுக்காடு என்று வைத்துக்கொள்வது நல்லது. அப்படியானால் வேண்டிய தொகை 720,000 வெள்ளி.

பால் மரம் சீவியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. உளி ஆழமாக இறங்காமல், பட்டையை மெல்லியதாகச் சீவி, மரத்துக்கு ஓய்வும் கொடுத்தால், அது பல ஆண்டு பால் தருகிறது. ஒரே நாளில் நிறைய வேண்டும் என்று ஆழமாக வெட்டினால் மரம் காயப்பட்டுப் போகிறது. இலையுதிரும் காலத்தில் பால் குறையும். அப்போது மரத்தை வற்புறுத்தக் கூடாது. சேமிப்பும் அப்படியே. வட்டியும் ஈவும் குறைந்த ஆண்டில் நாமும் செலவைக் குறைத்துக்கொண்டால், முதல் அழியாமல் நிற்கும்.

எண்களை விட்டுவிட்டு, எண்ணில் அடங்காத மூன்று காரியங்களையும் பார்ப்போம்.

முதலாவது, தலைக்கு மேலே கூரை. தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிங்கப்பூரிலும் இப்படியொரு காலம் வந்தது. 1968 ஜனவரியில், 1971க்குள் தன் படைகளை விலக்கிக்கொள்வதாக பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தை நம்பி வாழ்ந்த தமிழர்களும் மலையாளிகளும் பலர். அவர்கள் ஓய்வைத் தேடிப் போகவில்லை; ஓய்வு அவர்களைத் தேடி வந்தது. கையில் கிடைத்த தொகையோடு ஊர் திரும்பியவர்கள் உண்டு; இங்கேயே வேறு வேலை தேடி நிலைத்தவர்களும் உண்டு. தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்பு நிலங்களாகும்போது நமக்கும் அதே நிலைதான். ஆகையால் சொந்தக் கூரை இல்லாதவர், வேலையை விடும் கணக்கைப் போடுமுன் வீட்டுக் கணக்கைப் போட வேண்டும். வாடகை கொடுத்துக்கொண்டு முன்கூட்டியே ஓய்வு பெறுவது ஓட்டைப் பானையில் நீர் பிடிப்பது போலாகும்.

இரண்டாவது, எந்த நாட்டில் வாழப் போகிறோம் என்பது. 1973 மே வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. "அங்கே சம்பாதித்து, இங்கே வந்து உட்கார்ந்துவிட்டால் ராஜா" என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நாணய மாற்று விகிதம் நம் சொல்லைக் கேட்டு நடப்பதில்லை. இங்கே விலைவாசியும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. இங்கே வாழப் போவதானால், இங்கே ஆகும் செலவை ரிங்கிட்டில் எழுதி, அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டு மருத்துவக் காப்புறுதியும் சலுகைகளும் எல்லை கடந்து உடன் வருமா என்பதையும் முன்னதாகவே விசாரியுங்கள்.

மூன்றாவது காரியம்தான் எல்லாவற்றிலும் முக்கியமானது. கணக்கை யாருடைய ஆயுளுக்குப் போடுகிறோம்? பெரும்பாலும் ஆண்கள் தங்கள் ஆயுளை வைத்தே போடுகிறார்கள். சிங்கப்பூரில் 65 வயதை எட்டியவர் சராசரியாக இன்னும் 20 ஆண்டுக்குச் சற்று மேல் வாழ்கிறார். பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாக. மனைவி வயதிலும் இளையவர். ஆகவே கணவர் போன பிறகு பல ஆண்டு தனியாக வாழப் போகிறவர் அவர்தான். கணவருடைய மாதத் தொகை அவர் உயிரோடு இருக்கும் வரைதான் வரும். அவர் போட்ட பணத்தில், மாதத் தொகையாகக் கொடுத்தது போக மீதி இருந்தால், அவர் நியமனம் செய்தவருக்குப் போகும். மீதி இல்லாவிட்டால் இல்லை. தன் பெயரில் சேமநிதியே இல்லாத ஒரு தாய், அப்போது பிள்ளைகளின் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இதற்கும் வழி இருக்கிறது. சிங்கப்பூரில் கணவர் தம் மனைவியின் சேமநிதிக் கணக்கில் பணம் போடலாம். அதனால் மனைவிக்கும் தன் பெயரில், தன் ஆயுள் வரை மாதத் தொகை கிடைக்க வழி உண்டாகும். சேமநிதிக்கு வாரிசு நியமனத்தை இன்றே எழுதி வையுங்கள். சிங்கப்பூர்ச் சேமநிதிப் பணத்தை உயிலில் எழுதினால் செல்லாது. தனியாக நியமனம் செய்ய வேண்டும். இந்த ஏற்பாடு இல்லாமல், "எனக்குப் போதும்" என்று ஒருவர் சொன்னால், அவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

மொத்தப் பணம் கைக்கு வரும் நாளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. கோவிட் நோய் பரவிய 2020 முதல் 2022 வரை, நம் நாட்டில் சேமநிதியிலிருந்து முன்கூட்டியே எடுக்க அனுமதித்தபோது, மொத்தம் 14,500 கோடி ரிங்கிட் வெளியே போயிற்று. பசித்த வயிற்றுக்காக எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எடுத்த பணம் முதுமையிலிருந்து எடுத்த பணம். பெரிய தொகை வந்திருப்பது தெரிந்தால், கடன் கேட்பவர் வருவார். இரண்டு மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவரும் வருவார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. மகள் கலியாணத்துக்கு இவ்வளவு, மகன் தொழிலுக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டுங்கள். மாதச் செலவுக்கான பணத்தில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆகவே நேயர்களே, ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே உட்காருங்கள். மூன்று மாதம், ஆகும் செலவை ஒரு காசு விடாமல் எழுதுங்கள். அதிலிருந்து ஒரு மாதச் செலவைக் கண்டுபிடியுங்கள். வேலையை விட்ட பிறகு எந்தெந்த வயதில் எந்த மாத வரவு தொடங்கும் என்று அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். வரவு தொடங்கும் வரை எத்தனை மாதம் என்று எண்ணி, மாதச் செலவால் பெருக்குங்கள். வரவு தொடங்கிய பின்னும் குறையும் தொகையை, இருவரில் இளையவருக்கு 90 வயது ஆகும் வரை பெருக்குங்கள். மருந்துக்கும் எதிர்பாராததற்கும் தனியே ஒரு தொகை வையுங்கள். எல்லாவற்றையும் கூட்டுங்கள். சேமிப்பு அந்தக் கூட்டுத் தொகைக்கு மேலே இருந்தால், உங்களுக்குப் போதும். யாரையும் கேட்க வேண்டாம். குறைந்தால், எத்தனை ஆண்டு உழைத்தால், அல்லது எவ்வளவு செலவைக் குறைத்தால் அது நிறையும் என்பதும் அதே புத்தகத்தில் தெரிந்துவிடும்.

நம் முன்னோர் கூலியாக வந்தபோது, எப்போது ஓய்வு பெறலாம் என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. உடம்பு விழும் வரை உழைத்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலைக்கு நாம் வந்திருக்கிறோம் என்பதே ஒரு முன்னேற்றம். அதற்குச் சரியான விடை காண்பது, வீட்டில் கடைசி வரை இருக்கப் போகிற தாய்க்கு நாம் செய்யும் கடமை.